தடைக்காலத்துல நடந்த ஒண்ணு: அவ மனசுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு யாராவது சொல்லுங்க

குந்துகால் அக்கா | திங்கள், இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். 11 வருசமா இந்தக் கரையில மகளிர் குழு ஊக்குநரா இருக்கேன். ஊர் பேர் சொல்லல, பாம்பனுக்கும் ஏர்வாடிக்கும் நடுவுல ஒரு ஊருன்னு வச்சுக்கங்க. ஆளு யாருன்னு தெரியக் கூடாதுன்னு சில விவரத்தை மாத்தித்தான் எழுதுறேன்.

எங்க குழுவுல ஒரு பொண்ணு, ரெண்டு பிள்ளைக்குத் தாய், கடல்ல முங்கிப் பாசி எடுக்கப் போறவ. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணாடிய மாட்டிக்கிட்டு முங்குனான்னா எங்கள்லயே அவதான் ரொம்ப நேரம் உள்ள இருப்பா. அதிர்ந்து பேச மாட்டா. கூட்டத்துல கடைசி வரிசையில உக்காந்து கையெழுத்துப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவா. ஒரு வாரம் தவணை தவறுனது கெடையாது.

மீன்பிடித் தடைக்காலம் பாதி ஓடியிருக்கும். புருசன் தூங்கும்போது அம்மிக் குழவிய எடுத்துத் தலையில போட்டுட்டா. உசுரு தப்பிருச்சு. 14 தையல், தாடை எலும்பு முறிஞ்சு போச்சு. போட்ட கையோட தெருவுல ஓடி ஆட்டோவை நிறுத்தி, அவளே மடியில தலைய வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா. போலீஸ் வந்து கேட்டப்ப மறைக்கல. "நான்தான் போட்டேன்"னு சொல்லிட்டா.

இப்ப ஊருக்குள்ள ராட்சசின்னு சொல்றாக. பேய் புடிச்சிருக்கு, ஏர்வாடியில கொண்டு போய்க் கட்டிப்போடுங்கன்னு அவ அண்ணனுக்கே யோசனை சொல்றாக. 7 வருசமா அந்த ஆளு அவளை அடிச்சப்ப ஒருத்தரும் அவனுக்குப் பேய் புடிச்சிருக்குன்னு சொல்லல.

ஜெயிலுக்குப் போய்ப் பாத்தேன். "எனக்கே தெரியலக்கா, அந்த நேரம் கை என் கை மாதிரியே இல்ல. சத்தம் கேட்டப்பதான் முழிச்சேன்"னு சொன்னா. முழிச்சேன்னு சொல்றா. தூங்கிக்கிட்டு இருந்தது அவன்.

அப்படி ஒரு பொண்ணுக்குள்ள என்ன நடந்திருக்கும்? படிச்சவுக, அனுபவப்பட்டவுக சொல்லுங்க. அவ மேல பழி போடக் கேக்கல. தப்பே இல்லன்னு சொல்ல வைக்கவும் கேக்கல. எனக்குப் புரியணும்.

வாடைக்காற்று | திங்கள், இரவு 10.52

அக்கா, நானும் விசைப்படகுல போறவன்தான். சொன்னா கோவிச்சுக்காதீங்க. அவன் அடிச்சது தப்பு, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா தூங்குற மனுசன் தலையில கல்லைப் போடுறது வேற. அடிக்க வந்தப்ப திருப்பி அடிச்சிருந்தா தற்காப்புன்னு நானே சொல்லுவேன். தூங்குறப்ப போட்டா அது திட்டம். நாளைக்கு ஒவ்வொருத்தியும் மனசு சரியில்லன்னு சொல்லிட்டுக் கல்லைத் தூக்குனா ஊரு என்னாகும்? ரெண்டு பிள்ளைங்களுக்கும் அப்பன் இல்லாமப் போயிருந்தா யாரு பதில் சொல்லுவா?

தொண்டிப்பொண்ணு | திங்கள், இரவு 11.40

அக்கா, நான் மதுரையில உளவியல் எம்.எஸ்சி. படிக்கிறேன். சொந்த ஊர் தொண்டி. அந்தப் பெண்ணைப் பார்க்காமல் அவருக்கு இதுதான் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இப்படிப்பட்ட பெண்களைப் பற்றி ஐம்பது வருடமாக நடந்த வாதங்களைச் சொல்ல முடியும். வாடைக்காற்று அண்ணன் கேட்ட கேள்வியும் அதில்தான் வருகிறது.

1970களின் கடைசியில் அமெரிக்காவில் லெனோர் வாக்கர் என்ற உளவியலாளர், அடிவாங்கும் பெண்களிடம் பேசி ஒரு சுழற்சியைக் கண்டார். முதலில் வீட்டுக்குள் புழுக்கம் ஏறும். பிறகு அடி. பிறகு அழுகை, மன்னிப்பு, மல்லிப்பூ, அல்வா. கொஞ்ச நாள் கழித்து மறுபடி புழுக்கம். இதில் மாட்டியவர், அடி எப்போது வரும் என்று படிக்கக் கற்றுக்கொள்கிறார். பைக் ஸ்டாண்டு போடும் சத்தம், செருப்பை உதறும் வேகம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளும் விதம், எல்லாமே அவருக்குச் செய்தி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அன்று ஒன்றுமே நடக்கவில்லை. அவருக்கு அது வந்துகொண்டிருக்கிறது.

அண்ணா, தூங்கும்போது அடித்தது ஏன் என்று கேட்டீர்கள். எடையிலும் கைபலத்திலும் தன்னைவிடப் பெரிய ஆள் விழித்திருக்கும்போது திருப்பி அடித்தால் என்ன ஆகும் என்பதை அவர் ஏற்கெனவே அனுபவித்திருப்பார். பயம் அதிகமாக இருக்கும்போது கை எழாது. அவன் தூங்கும்போதுதான் உடம்பு முதன்முதலாக இறுக்கம் தளர்கிறது. அடக்கி வைத்த கோபம் அங்கேதான் வெளியே வருகிறது. சட்டம் 'திடீர்' என்று எதிர்பார்க்கிற கோபம் பெரும்பாலும் பலசாலியின் கோபம். பலமில்லாதவரின் கோபம் மெதுவாகக் கொதிக்கும்.

"கை என் கை மாதிரி இல்ல", "முழிச்சேன்" என்று அவர் சொன்ன வார்த்தைகளைத் தயவுசெய்து அப்படியே எழுதி வையுங்கள். தாங்க முடியாத நேரத்தில் மனம் உடம்பிலிருந்து விலகி நிற்பது உண்டு. அடிவாங்கும்போது அப்படி விலகிப் பழகியவர்களுக்கு, அடிக்கும்போதும் அது நேரலாம். அவர் நாடகம் போடுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சமயம் இதை ஒரு மருத்துவர்தான் பேசிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இரவுப்பணி | செவ்வாய், காலை 6.20

டூட்டி முடிஞ்சு வந்து படிச்சேன். 26 வருசம் நர்ஸ் வேலை, பாதிக்கு மேல கேஷுவாலிட்டியில.

அடிச்ச பொம்பளையே ஆட்டோ புடிச்சுக் கூட்டிட்டு வந்ததுல எனக்கு ஆச்சரியமே இல்ல. நான் பாத்திருக்கேன். தையல் போடுறப்ப அவன் கையப் புடிச்சுக்கிட்டு நிப்பா. "வலிக்குதா"ன்னு கேப்பா. பக்கத்துல இருக்குறவுகளுக்கு அது வேசம் மாதிரித் தெரியும். எனக்கு அப்படித் தெரியல. அவளுக்கு அந்த ஆளு சாகணும்னு இல்ல. அது நிக்கணும், அவ்வளவுதான்.

அடிபட்டு வர்ற பொம்பளைங்க எல்லாரும் வழுக்கி விழுந்துட்டேன்னுதான் சொல்லுவாக. படகு இழுக்கும்போது பட்டுருச்சு, கதவு இடிச்சிருச்சு. கூட வந்த மாமியா முன்னால வேற எதுவும் வராது. எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போறேன்னு தனியா அழைச்சிட்டுப் போய் ரெண்டு கேள்வி கேப்பேன். வீட்டுல யாரைக் கண்டாவது பயமா இருக்கா? கழுத்தைப் புடிச்சாகளா? ரெண்டாவது கேள்விய யாரும் கேக்குறதில்ல. கழுத்தை நெரிச்சா வெளிய காயம் ஒண்ணும் தெரியாமலே போகலாம். குரல் கம்மியிருக்கும், முழுங்கக் கஷ்டப்படுவா, கண்ணு வெள்ளையில சிவப்புப் புள்ளி இருக்கும். அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீகளா அக்கா?

தொண்டிப்பொண்ணு | செவ்வாய், காலை 8.05

இரவுப்பணி அம்மா சொன்னது மிக முக்கியம். 2008ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், துணைவன் முன்பு கழுத்தை நெரித்திருந்த பெண்ணுக்குப் பின்னாளில் அவன் கையால் சாவு நேரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று வந்தது. ஆகவே கழுத்தை நெரிக்கிற வீட்டில் "என்னைக் கொன்னுருவான்" என்று ஒரு பெண் பயந்தால், அது கற்பனை இல்லை. ஆபத்தைச் சரியாகவே கணித்திருக்கிறார்.

குந்துகால் அக்கா | செவ்வாய், மதியம் 1.30

கேக்கல தாயி. 7 வருசத்துல ஒரு நாள் கூட நான் கேக்கல.

சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுத்திப் போட்டுக்கிட்டு வருவா. சளின்னு சொல்லுவா, குரல் கம்மியிருக்கும். தவணைப் பணத்தை எண்ணிக்கிட்டே நான் "கசாயம் வச்சுக் குடி"ன்னு சொல்லியிருக்கேன். இப்ப நீங்க எழுதுனதைப் படிச்சதுல இருந்து சோறு எறங்கல.

கருப்புக்கோட்டு | செவ்வாய், மாலை 7.45

ராமநாதபுரத்தில் வக்கீலாக இருக்கிறேன். வாடைக்காற்று, "தூங்கும்போது போட்டால் அது திட்டம்" என்றுதான் அரசுத் தரப்பும் வாதாடும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 101ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 300) கடுமையான, திடீர்த் தூண்டுதலால் தன்வசம் இழந்து செய்ததைக் கொலைக் கணக்கில் சேர்க்காது. அந்த 'திடீர்' என்ற சொல்லில்தான் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் இதில் நம் சென்னை உயர் நீதிமன்றம் 1989லேயே ஒரு படி முன்னே போய்விட்டது. கணவனின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்த ஒரு தாய். பிள்ளைகள் இறந்துவிட்டார்கள், அவள் பிழைத்துக்கொண்டாள். பிழைத்ததால் கொலைக் குற்றவாளி. அந்த வழக்கில் நீதிபதிகள் நம் நல்லதங்காளைக் கூப்பிட்டார்கள். இப்படிப்பட்ட மனநிலைக்கு 'நல்லதங்காள் சிண்ட்ரோம்' என்றே தீர்ப்பில் பெயர் வைத்தார்கள். நாள்பட்ட, தொடர்ச்சியான தூண்டுதலையும் அந்த விதிவிலக்குக்குள் கொண்டுவரலாம் என்று சொல்லி, கொலையாகாத மரணம் என்று குறைத்தார்கள். மேலைநாட்டில் இதற்கு வேறு பெயர் சொல்வார்கள். நமக்கு நம் பாட்டிமார் ஒப்பாரியாய்ப் பாடிய கதையிலிருந்தே பெயர் வந்தது. அந்தத் தீர்ப்பை முதன்முதலாகப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கிலாந்திலும் கிரன்ஜித் அலுவாலியா வழக்கு இருக்கிறது. பத்து வருடம் அடிவாங்கிய பஞ்சாபிப் பெண். 1989ல் கணவன் தூங்கும்போது தீ வைத்தார், அவர் இறந்துபோனார். முதலில் ஆயுள் தண்டனை. 1992ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அவருக்கு இருந்த கடுமையான மனச்சோர்வு பற்றிய மருத்துவச் சான்று முதல் விசாரணையில் எடுத்து வைக்கப்படவே இல்லை. அக்கா, நம் பெண்ணுக்கும் யாரும் இன்னும் ஒரு மனநல மருத்துவரை ஏற்பாடு செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள்?

குந்துகால் அக்கா | செவ்வாய், இரவு 9.10

109, கொலை முயற்சின்னு சொன்னாக சார். டாக்டர் யாரும் பாக்கல.

பெயரிலி 72 | செவ்வாய், இரவு 11.58

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்.

எல்லாரும் அடிவாங்கி அடிச்ச பொண்ணுங்களைப் பத்தியே பேசுறீங்க. என் கதை வேற. கல்யாணம் ஆகி 9 வருசம். நான் ஒரு நாளும் கை ஓங்குனதில்ல, குடிக்கிற பழக்கம் இல்ல. என் மனைவி அடிப்பா. முதல்ல போனைப் புடுங்கி எறிஞ்சா. பிறகு என் தங்கச்சிகிட்ட பேசுனதுக்கு இஸ்திரிப் பெட்டியால கையில சுட்டா. சம்பளம் மொத்தமும் அவகிட்ட. அம்மாவைப் பாக்கப் போகணும்னா அனுமதி கேக்கணும். போலீஸுக்குப் போனா, "ஆம்பளையாய்யா நீ"ன்னு கேட்டாக. சிரிச்சாக.

இதுக்கும் உளவியல் இருக்கா? இல்ல, பொண்ணு அடிச்சா எப்பவும் அவளுக்கு ஒரு காரணம் இருக்கும்னு சொல்லி முடிச்சுருவீங்களா?

தொண்டிப்பொண்ணு | புதன், காலை 7.30

அண்ணா, எழுதியதற்கு நன்றி. சிரித்தவர்கள் செய்தது அநியாயம்.

பெண்கள் வன்முறையில் இறங்கினால் எல்லாம் ஒரே வகை கிடையாது. மைக்கேல் ஜான்சன் என்ற சமூகவியலாளர் பிரித்துக் காட்டியதைத்தான் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவார்கள். ஒருவர் இன்னொருவரின் வாழ்க்கை முழுவதையும் பிடியில் வைத்திருப்பதற்காக அடிப்பது ஒன்று. பணம், போன், போக்குவரத்து, சொந்தபந்தம் எல்லாவற்றையும் பூட்டி வைத்து, பூட்டு நழுவும்போது அடி. அந்தப் பிடிக்கு எதிராகத் திமிறி அடிப்பது இன்னொன்று. யாருக்கும் பிடி இல்லாமல், சண்டை முற்றி இரண்டு பேரும் கைநீட்டிக்கொள்வது வேறு. அக்கா சொன்ன பெண் இரண்டாவதில் வருகிறார் என்று தோன்றுகிறது. நீங்கள் விவரிப்பது முதலாவது. முதல் வகையில் பெரும்பாலும் ஆண்களே இருக்கிறார்கள் என்றாலும், பெண்களும் இருக்கிறார்கள். நீங்கள் அதற்குள் வாழ்ந்தவர்.

இந்தப் பிரிவு இல்லாமல் வெறும் அடியை எண்ணினால் குழப்பம்தான். யார் எத்தனை முறை தள்ளினார்கள், அறைந்தார்கள் என்று எண்ணுகிற ஒரு கேள்வித்தாள் 1970களில் அமெரிக்காவில் வந்தது. எண்ணிப் பார்த்தால் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம் என்று வந்து பெரிய சண்டையே நடந்தது. 2000ல் ஜான் ஆர்ச்சர் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். கை நீட்டுவதில் பெண்கள் ஒரு துளி கூடுதலாகவே இருந்தார்கள். ஆனால் காயப்பட்டவர்களில் 62 சதவீதம் பெண்கள். ஏன் அடித்தார்கள், அடித்த பிறகு யார் பயந்தார்கள் என்பதைக் கேள்வித்தாள் கேட்கவில்லை.

நம் நாட்டில் தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21), பெண்களிடமே ஒரு கேள்வி வைத்தது: கணவர் அடிக்காத நேரத்தில் நீங்களாக அடித்தது உண்டா? நூற்றுக்குச் சுமார் 4 பேர் உண்டு என்றார்கள். அதே ஆய்வில் தமிழ்நாட்டில் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள் நூற்றுக்கு 38 பேர். 4 சிறிய எண்தான். ஆனால் அந்த வீட்டில் இருக்கிறவருக்கு அது முழு வாழ்க்கை.

கட்டுப்படுத்தி அடிக்கிற பெண்ணின் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பலரிடம் 'விட்டுப் போய்விடுவான்' என்ற பயம் அடியில் ஓடும். சின்ன வயதில் வளர்த்தவர்களை நம்ப முடியாமல் போனவர்கள், பெரியவர்களான பின் நேசிக்கிறவரைப் பிடித்து வைக்கத்தான் தெரிந்தவர்களாக இருப்பார்கள். அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்து, "நான் ஒருநாளும் அம்மா மாதிரி ஆகமாட்டேன்" என்று உறுதி எடுத்தவர்களும் உண்டு. அந்த உறுதி சிலருக்கு அப்பா மாதிரி ஆவதில் போய் முடிகிறது. இது விளக்கம்தான் அண்ணா. உங்கள் கையில் இருக்கும் தழும்புக்கு அவர்தான் பொறுப்பு.

குந்துகால் அக்கா | புதன், காலை 9.00

தம்பி, நீங்க எழுதுனதை மூணு தடவை படிச்சேன். எங்க குழுப் பொண்ணு ஒருத்தி அந்த மாதிரி செய்யிறான்னு ரொம்ப நாள் முன்னாடி ஒரு மாமியா எங்கிட்ட அழுதாக. நம்பல. "ஒம் மகன் சும்மா இருந்திருப்பானா"ன்னு கேட்டு அனுப்பிட்டேன். அது தப்புன்னு இப்பத் தெரியுது.

வாடைக்காற்று | புதன், மதியம் 2.15

நான் முதல்ல எழுதுனதுல ஒண்ணு விட்டுப்போச்சு. தடைக்காலம் 61 நாளு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும். கடலுக்குப் போற நாள்ல ஆளு ராத்திரியெல்லாம் வீட்டுல இருக்க மாட்டான். தடைக்காலத்துல 24 மணி நேரமும் வீட்டுக்குள்ள. வருமானம் இல்ல, படகு முதலாளி சம்மாட்டிகிட்ட வாங்குன கடன் நிக்கும், குழுத் தவணை வாரா வாரம் வந்துரும். மத்தியானத்துலயே குடிக்க ஆரம்பிச்சுருவாக. எங்க தெருவுல சத்தம் கேக்குற மாசம் எதுன்னு எனக்குத் தெரியும். அதுக்காக அடிக்கலாம்னு சொல்ல வரல. அடிக்கிறதுல இருந்து தப்பிச்சு அவ நிம்மதியா இருந்த ராத்திரிகளும் அந்த 61 நாள்ல போயிருதுன்னு இப்பத்தான் யோசிக்கிறேன்.

திட்டம்னு சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிறேன். ஆனா தப்பு தப்புதான்.

கீழக்கரை மகள் | புதன், இரவு 10.30

அஸ்ஸலாமு அலைக்கும். நான் யாரையும் கல்லால அடிக்கல. என் மகனைக் கரண்டியால அடிச்சேன். அதைப் பத்தி எழுத இங்கே இடம் இருக்கும்னு நெனைக்கிறேன்.

எங்க பக்கம் பல குடும்பத்துல பொண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை இங்கே வருவாரு. அதனால மாமி கொடுமைன்னு பெருசா பாத்ததில்ல. என் மாப்பிள்ளை வெளிநாட்டுல. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை 40 நாள் வருவாரு. உம்மாவுக்குப் பக்கவாதம், ரெண்டு பிள்ளைங்க, எல்லாம் நான் ஒருத்திதான். அவருகிட்ட போன்ல ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். போனை வச்ச மறுநிமிசம் மூத்தவன் தண்ணியக் கொட்டுனான்னு அடிப்பேன். ஒரு நாள் கரண்டி வளைஞ்சு போச்சு. வளைஞ்ச கரண்டியப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அவன் அழல. தண்ணியத் தொடைச்சுட்டு இருந்தான். வயசு ஆறு.

அவன் அழாததுதான் என்னை நிறுத்துச்சு. எங்க சின்னம்மா அடிவாங்குறப்ப அப்படித்தான் அழாம வேலை பாத்துக்கிட்டு இருப்பாக.

14416க்குப் போன் போட்டேன், டெலி மானஸ்னு அரசு மனநல உதவி எண். தமிழ்ல பேசுனாக, பணம் இல்ல. அந்தப் பொண்ணு "எப்ப கோபம் வருது"ன்னு கேக்கல. "கடைசியா எப்ப முழுசாத் தூங்குனீங்க"ன்னு கேட்டா. நான் அழுதுட்டேன்.

இன்னொண்ணு. ஏர்வாடியில கொண்டு போய்க் கட்டிப்போடுங்கன்னு சொன்னதா அக்கா எழுதியிருந்தாக. 2001 ஆகஸ்ட் 6ல அங்கே ஒரு காப்பகத்துல தீப்புடிச்சு, சங்கிலியில கட்டியிருந்த 28 பேர் செத்துப் போனாக. கட்டிப் போட்டதாலதான் ஓட முடியல. எங்க வீட்டுல இன்னமும் அதைப் பத்திப் பேசுவாக. தர்காவுக்குப் போய் மனசாற துவா கேக்கட்டும், நானும் போறேன். அங்கேயே மருந்தும் துவாவும் சேர்த்துப் பாக்குற அரசுத் திட்டமும் வந்திருக்கு. சங்கிலி மட்டும் வேண்டாம்.

இரவுப்பணி | வியாழன், காலை 6.40

மகளே, நீ எழுதுனது ரொம்பப் பேருக்கு உதவும். பிள்ளைய அடிக்கிற அம்மாவைத்தான் நாங்க தினம் பாக்குறோம், ஆனா அதை வன்முறைன்னு யாரும் எழுதுறதில்ல. அவளை அடிக்கிறவன் கை அவளுக்கு எட்டாது. எட்டுற தூரத்துல இருக்குறது பிள்ளை.

பிரசவம் ஆன வீட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். பிள்ளை பெத்த முதல் ரெண்டு வாரத்துல ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குப் புத்தி சட்டுனு தடுமாறும். தூக்கமே இருக்காது, யாரோ பேசுற மாதிரி கேக்கும், பிள்ளைய வேத்தாளு மாதிரிப் பாப்பா. அது காத்து கருப்பு இல்ல. பிள்ளையையும் அவளையும் தனியா விடாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரணும். மருந்துல நல்லாயிரும். கொண்டு வராம விட்ட ஒரு வீடு எனக்குத் தெரியும். அதுக்கு மேல எழுத முடியல.

மூத்தவள் | வியாழன், மாலை 5.20

பேத்தி டைப் அடிச்சுத் தர்றா. எனக்கு வயசு 68.

வக்கீல் தம்பி நல்லதங்காள் கதையச் சொன்னாக. அவளை எல்லாரும் அழுதுக்கிட்டே பாடுவோம். ஏழு பிள்ளையோட பஞ்சம் பொழைக்க அண்ணன் வீட்டுக்கு வந்தவளுக்குக் கதவைத் தெறக்காம உள்ள உக்காந்திருந்தாளே மூளியலங்காரி, அண்ணன் பொண்டாட்டி, அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு யாரும் பாடுறதில்ல. நான் அந்த மூளியலங்காரியா இருந்தேன்.

எங்க மாமியா எனக்குச் சோத்தை அகப்பையால அளந்து போடுவாக. ரெண்டாவது அகப்பை கேட்டா அந்த அகப்பையே முதுகுல விழும். எம் மருமக வந்ததும் அதே அகப்பை என் கைக்கு வந்துச்சு. 20 வருசம் காத்துக்கிட்டு இருந்தது அதுக்குத்தான்னு இருந்துச்சு. அவளை அடிச்சிருக்கேன். எம் மகன்கிட்ட இல்லாததைச் சொல்லி அடிவாங்க வச்சிருக்கேன். ஏன்னா, அவன் அவ பேச்சைக் கேக்க ஆரம்பிச்சா எனக்கு அந்த வீட்டுல என்ன இருக்கு? வீடு அவுக பேருல, படகு அவுக பேருல. எனக்குன்னு இருந்தது எம் மகன் மட்டும்தான்.

எம் மருமக எனக்கு மூட்டு ஆபரேஷன் ஆனப்ப ஆறு மாசம் கால் கழுவி விட்டா. ஒரு நாள் கேட்டேன், "ஒனக்கு எம் மேல கோவம் இல்லையா"ன்னு. "இருக்கு அத்தை"ன்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா.

தொண்டிப்பொண்ணு | வியாழன், இரவு 9.15

பாட்டி, உங்கள் பேத்தி இதைப் படித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன். டெனிஸ் கண்டியோட்டி என்ற அறிஞர் 1988ல் எழுதியதை நீங்கள் அகப்பையை வைத்தே சொல்லிவிட்டீர்கள். இளம் வயதில் மாமியாருக்கு அடங்கிப் போவது, பின்னால் மருமகள் மேல் அதிகாரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நடக்கிற பேரம் என்றார் அவர். மகன்தான் அந்தப் பேரத்தின் முதலீடு. அவன் மனைவி பக்கம் சாய்ந்தால் போட்டது எல்லாம் போச்சு. அதனால்தான் பல வீடுகளில் மருமகளின் உடம்பைவிட, மகனும் மருமகளும் சிரித்துப் பேசுவதுதான் முதலில் தாக்கப்படுகிறது.

கருப்புக்கோட்டு | வியாழன், இரவு 10.40

இதில் சட்டமும் ஒரு கட்டத்தில் மாறியது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, 'வயது வந்த ஆண்' மீதுதான் நடவடிக்கை என்று எழுதப்பட்டிருந்தது. 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்களை நீக்கிவிட்டது. மாமியார், நாத்தனார் மீதும் மருமகள் மனு போடலாம் என்பதில் இப்போது சந்தேகமே இல்லை.

பெயரிலி 72, அந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவராகப் பெண்தான் வர முடியும் என்பது உண்மை. ஆனால் இஸ்திரிப் பெட்டிச் சூடு பாரதிய நியாய சன்ஹிதா 118ல் வரும். சூடான பொருளால் காயப்படுத்துவதை அந்தப் பிரிவு பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று கேட்காது. நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். காயத்தின் போட்டோ, சிகிச்சைச் சீட்டு இருந்தால் பத்திரம்.

பெயரிலி 72 | வியாழன், இரவு 11.20

சீட்டு இருக்கு சார். சமையல் பண்றப்ப பட்டுச்சுன்னு சொல்லித்தான் எழுதி வாங்குனேன்.

இரவுப்பணி | வெள்ளி, காலை 6.15

தம்பி, பரவாயில்ல. அந்த நர்ஸுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். தேதி இருக்குல்ல, அது போதும்.

குந்துகால் அக்கா | ஞாயிறு, இரவு 8.30

மூணு நாளா எழுத முடியல. நேத்து மறுபடியும் ஜெயில்ல மனு போட்டு அவளைப் பாக்கப் போனேன். நர்ஸம்மா சொன்ன கேள்வியக் கேட்டேன். கழுத்தைப் புடிச்சானான்னு.

ரொம்ப நேரம் பேசல. பிறகு, "முங்குறப்ப மூச்சடக்குற மாதிரி அடக்கிக்குவேன்க்கா. எண்ணிக்கிட்டே இருப்பேன். கடல்ல எம்புட்டு நேரம் தாங்குமோ அம்புட்டு நேரம்தான் எனக்குக் கணக்கு. அன்னைக்கு அதுக்கும் மேல போயிருச்சு"ன்னு சொன்னா. அன்னைக்குன்னா, குழவி போட்டதுக்கு முதல் நாள் ராத்திரி.

எங்கள்லயே அவதான் ரொம்ப நேரம் உள்ள இருப்பான்னு முதல்ல பெருமையா எழுதியிருந்தேன்.

இன்னைக்குக் குழுவைக் கூட்டுனேன். நாங்க மாசத்துல 12 நாள்தான் பாசி எடுக்கணும்னு நாங்களே கூடி விதி வச்சவுக. மீறுனா கேள்வி கேப்போம். அந்த மாதிரி இதுக்கும் வைக்கணும்னு சொன்னேன். கழுத்துல துணி, குரல் கம்மல், கூட்டத்துக்கு வராம இருக்குறது, இதுல எதைப் பாத்தாலும் தவணை பேசுறதுக்கு முன்னாடி தனியாக் கூப்பிட்டுக் கேக்கணும். பொம்பளைங்க உதவிக்கான 181 நம்பரைப் பாஸ்புக் அட்டையில எழுத வச்சேன். ரெண்டு பேரு எந்திரிச்சுப் போயிட்டாக, குடும்ப விசயத்துல தலையிடக் கூடாதுன்னு. மிச்சம் 14 பேரும் இருந்தாக. பிள்ளைங்களை அடிக்கிறதையும் சேக்கணும்னு ஒருத்தி சொன்னா. அவ சொன்னதும் யாரும் யாரையும் பாக்கல. சேத்தோம்.

வக்கீல் சார், அவளுக்கு ஜாமீன் போடணும். பணம் எங்ககிட்ட ரொம்ப இல்ல.

கருப்புக்கோட்டு | ஞாயிறு, இரவு 9.05

பணம் வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் பெற, பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. ஜாமீன் கேட்பதிலும், குற்றம் எவ்வளவு பெரியதானாலும் பெண் என்பதைக் கணக்கில் எடுக்கலாம் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 109ஐ 110ஆக, அதாவது கொலையாகாத மரணம் விளைவிக்கும் முயற்சியாகக் குறைக்க வாதாடலாம், 1989 தீர்ப்பை வைத்து. அவள் மேல் வழக்கு இருந்தாலும், குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவள் தனியாக மனுப் போடத் தடை இல்லை. குரல் கம்மியதற்கோ தொண்டை வலிக்கோ எந்த ஆஸ்பத்திரியிலாவது காட்டியிருந்தால் அந்தச் சீட்டு வேண்டும், சளி என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை. முந்தைய நாள் இரவு நடந்ததை அவள் வாயால் சொன்னபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல், தேதி போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அதை வெளியில் யாரிடமும் பேச வேண்டாம். மனநல மருத்துவப் பரிசோதனைக்கு நான் மனுப் போடுகிறேன். அவள் அண்ணனையும் அழைத்து வாருங்கள், சங்கிலி பற்றி அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நாளை காலை 9.30க்கு கோர்ட் வாசல் டீக்கடைப் பக்கம் நிற்பேன்.

வாடைக்காற்று | ஞாயிறு, இரவு 9.20

அக்கா, நாளைக்குக் கடலுக்குப் போகல. ஆட்டோ நான் கொண்டு வர்றேன், எத்தனை மணிக்கு எங்கே நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க.